பதினேழுக்கு மேல்

ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
வரி சிவக்கட்டும், இல்லையேல் பச்சை.
விதி எழுதியது நான்தான்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையம்,
தார்ப்பாய் மேல் மழை,
மடிக்கணினியில் முப்பத்தெட்டுப் பேர்.

பதினேழு புள்ளி ஒன்று. சிவப்பு.
இருபத்திரண்டு, அதுவும் அதே சிவப்பு.
எவ்வளவு ஈரம் என்றெல்லாம்
அதற்குக் கவலையில்லை.

நாலு மணிக்கு ஆணை வந்தது:
பத்தொன்பது வரை எடுக்கலாம்.
ஏழை அழித்து ஒன்பதைப் போட்டேன்.
இருபத்தாறு வரிகள் ஒரே நொடியில்
பச்சை.
வெளியே ஒரு மணி நெல்லும் காயவில்லை.

பன்னிரண்டாம் வரி, செங்கமலம்.
காலையில் திருப்பியனுப்பிய மூட்டைகள்
இந்நேரம் வியாபாரி லாரியில்
மன்னார்குடி தாண்டியிருக்கும்.
அந்தப் பெயரும் பச்சை.

அந்த ஒரு வரியை மட்டும்
கையால் சிவப்பாக்கிப் பார்த்தேன்.
இரண்டு தரம்.
விதி விடவில்லை.