மாதம் அறுபது

சாங்ஹுவா மருத்துவமனை லிஃப்டில்
மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்து.
நான்கு என்றாலும் சாவு என்றாலும்
இங்கே ஏறக்குறைய ஒரே ஒலி.
நோயின் நிலையை எழுதும்போது மட்டும்
நாங்கள் எதையும் தாண்டுவதில்லை.

நான் பதிவேட்டுக்காரி.
அறுவை, கதிர், மருந்து மூன்றும் முடித்தவர்களை
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து
இருக்கிறார், இல்லை
இரண்டில் ஒன்றை நிரப்புவேன்.
பெரும்பாலும் மனைவிகள்தான் எடுக்கிறார்கள்.
"அவர் இல்லை" என்பார்கள்.
வெளியே போயிருக்கிறாரா என்று
கேட்டுத் தொலைத்திருக்கிறேன், இரண்டு முறை.

நூற்றுப் பதினேழு பேர்.
திரையில் அது ஒரு படிக்கட்டு.
ஒருவர் போனால் ஒரு படி இறங்கும்.
முதல் இரண்டு வருடம் செங்குத்து.
பிறகு, கால் வைக்கக் கொஞ்சம் இடம்.
எண் மாற்றியவர்கள், ஊர் மாறியவர்கள்
படியாவதில்லை;
கோட்டின்மேல் ஒரு நகக்கீறல், அவ்வளவே.

கோ தியென்-சாய் சரக்கு லாரிக்காரர்.
பாக்கை மென்று மென்று
கௌஷியுங் வரை இரவை ஓட்டியவர்.
தாடைக்கு முழங்காலின் கீழிருந்து ஒரு எலும்பு,
கன்னத்தின் உள்ளே தொடைத்தோல்.
"காலால் பேசுகிறேன்" என்பார்.
உதடு சேரவேண்டிய எழுத்துகள் அவரிடம் இல்லை.
நான் பழகிக்கொண்டேன்.

முப்பதாம் மாதம் ஒரு புகார்:
வாய்க்குள் ரோமம் முளைக்கிறதாம்.
கதிர் கொன்றிருக்க வேண்டுமே என்றேன்.
"சிலது தப்பும்" என்றார்.

அடுத்த கட்டில் லின்னைப் பற்றி
ஒவ்வொரு முறையும் கேட்பார்.
சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
நாற்பத்திரண்டாம் மாதம்
என் மௌனம் ஒரு நொடி நீண்டுவிட்டது.
"கஞ்சி ஆறுகிறது" என்று வைத்துவிட்டார்.
பிறகு கேட்கவில்லை.

இன்று அறுபது.
மணி ஒன்பது தடவை அடித்தது.
ஏழாவதில்
பேனாவை எந்தக் கட்டத்தின் மேல் வைத்திருந்தேன் என்பதை
யாரிடமும் சொல்லமாட்டேன்.

எடுத்தார்.
மனைவி பி-யூ பின்னால் தொலைக்காட்சியைக் குறைக்கிறாள்.
இருக்கிறார் என்று நிரப்பினேன்.
அதற்கு அப்பால் தாளில் கட்டம் இல்லை.
ஆய்வு முடிந்தது, நன்றி என்று
படிக்க வேண்டிய வரி எதிரே ஒட்டியிருந்தது.

"அடுத்து எப்போது?" என்றார்.

மே மாதம் என்றேன்,
என் சொந்த நாட்காட்டியைப் புரட்டி.

"காலையில் வேண்டாம்.
ஐஸ் குச்சிகளை ஒவ்வொன்றாகப்
பல்லிடுக்கில் அடுக்கித்தான்
வாயைத் திறக்கிறேன்.
பதினொன்று எட்டினால் சோறு,
பன்னிரண்டு என்றால் பேச்சு.
பத்து மணிக்கு மேல் கூப்பிடு."