இரண்டு நொடி முழங்கை

ஜூன் மாதம் டுலூத்தில் இருட்டுவதற்கு
ஒன்பதரை ஆகிவிடும்.
அதுவரை ஏரிக்கரைப் புல்லில் போர்வை விரித்துக்
கொசுவுக்குக் கால்களைக் கொடுத்துக் காத்திருப்போம்.
வருடத்துக்கொரு முறை அதே படம்,
எங்கள் ஊரில் எடுத்த ஒரே படம்.

எண்பத்தாறில் எடுத்தார்கள். எனக்குப் பதினேழு.
நடனக் காட்சிக்கு நூறு பிள்ளைகள் வேண்டுமாம்,
நாளுக்கு நாற்பது டாலர், மதியம் ஒரு ஹாட் டாக்.
ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில்
திரையின் இடது ஓரம்
நீல சாட்டினுக்குள் ஒரு முழங்கை வந்து போகும்.
அது நான்.
இரண்டு நொடி.
கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில்
அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்து
என் முழங்கையில் மழை பெய்யும்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், பார்க்காவிட்டாலும்:
ஹாக்கி ஆடும் பையன், சலவைக்கடைக்காரர் மகள்,
நண்பர்களோடு ஒரு பந்தயம்,
அது தெரிந்து அவள் அழுகை,
உறைந்த ஏரிமேல் அவன் மன்னிப்பு.
"எனக்குத் தோற்கத் தெரியாது. சொல்லிக்கொடு."
ஆயிரம் பேர் கூடவே சொல்வார்கள்.
நானும்தான். உதடு தானாக அசையும்,
பல் துலக்குகிற கை போல.

லைல் என்று பெயர் அவனுக்கு.
என் முதல் கணவனைக் கழுத்துக்காகக் கட்டினேன்.
பின்னாலிருந்து பார்த்தால் லைல்.
முன்னால் வந்தால் கர்டிஸ்.
நாலு வருடம் முதுகைப் பார்த்தே ஓட்டினேன்.

இப்போதெல்லாம்
நள்ளிரவில் அவள் ஜன்னலுக்குக் கீழே
அவன் காரை நிறுத்திக்கொண்டு நிற்பது
எனக்குக் காதலாகத் தெரிவதில்லை.
"போலீஸைக் கூப்பிடு" என்கிறாள் என் மகள் ப்ரின்,
வாய் நிறையப் பாப்கார்னோடு.
சிரித்துவிடுகிறேன். கோபமும் வருகிறது,
கூடப் பிறந்தவனை யாரோ திட்டியது மாதிரி.

தலைவிக்கு ஒரு தோழி உண்டு.
சேதி கொண்டுபோவாள், கைக்குட்டை நீட்டுவாள்.
பெயர்ப் பட்டியலிலும் 'தோழி' என்றே போடுவார்கள்.
தோழிக்குப் பெயர் எதற்கு என்று
எந்தக் காலத்திலோ முடிவாகிவிட்டது.

பிறகு அந்த இடம் வரும்.
பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண்
தரையெல்லாம் தாண்டி வந்து
லைலை ஆடக் கூப்பிடுவாள்.
அவன் பதில் சொல்லமாட்டான். கூட்டம் சிரிக்கும்.
பதினொரு டேக்.
"இன்னும் சத்தமாக" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.
சிரித்தோம். எட்டாவதில்
எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

அவள் நடிகை இல்லை.
ட்வைலா ஹாகென். வேதியியல் வகுப்பில் மூன்றாம் மேஜை.
கம்பி அவளுடையதே,
அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.
அவளுக்கு மட்டும் அறுபது டாலர்.

ஒவ்வொரு ஜூனும் வருகிறாள்.
எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி
மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்கில் காபி.
முப்பத்துச் சொச்சம் வருடமாக
நான் அவள் பின்னந்தலையோடு மட்டும் பழகியிருக்கிறேன்.

இந்த வருடம் கொசு மருந்து கேட்டுத் திரும்பினாள்.
நீட்டினேன். அந்நேரம் பார்த்து
பாலம் எழும்பியது, தாதுக் கப்பல் ஊதியது,
பாலம் பதிலுக்கு ஊதியது.
திரையில் நூறு வாய்கள் திறந்திருந்தன,
சத்தமே இல்லை.
காது குத்திய மீன்கள் போல
அழகாக இருந்தோம்.

கப்பல் கடந்ததும் சொன்னாள்,
கணுக்காலில் மருந்தைத் தேய்த்துக்கொண்டே:
"எட்டாவது டேக்கைத்தான் வைத்தார்கள்.
என் கிளிப் நழுவியது அதில்தான். கவனித்திருக்கிறாயா?"

இல்லை என்றேன்.
என் முழங்கை குலுங்கும், கவனித்திருக்கிறேன்.
குளிர் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

மருந்தைத் திருப்பிக் கொடுத்தாள். மூடி இல்லை.
புல்லில் தேடுவதற்குள் ஏரிக்காட்சி வந்துவிட்டது.
ப்ரின் கூடக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
அவன் முழங்காலிட்டான், அந்த மடையன், அந்தக் கழுத்து.
"எனக்குத் தோற்கத் தெரியாது" என்று
எல்லாருக்கும் அரை நொடி முன்னால்
ட்வைலாவின் குரல் கேட்டது.