அந்தச் சேர்க்கை இல்லை

உயரம் மூன்று. கீல் இடதோ வலதோ.
நிறம் பதினான்கு, அதில் பத்தை எவரும் கேட்பதில்லை.
கண்ணாடி வேண்டும், வேண்டாம்.
லாக்கருக்கு நான்கு மூலை.
பெருக்கினால் அறுநூற்று எழுபத்திரண்டு பீரோ.
ஐந்நூற்று நான்கில் நிறுத்தி வைத்திருந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள்
நகராமல் உறுமும் இரவு.
மூன்றாம் நிலையம் வரை எல்லாத் தகடும் ஒரே தகடு.
நான்காவதில் வில்லையைப் படித்த பிறகுதான்
கொருக்குப்பேட்டைக்கா மணலிக்கா என்று
ரோபோவுக்கே தெரியும்.
அதுவரை யாருடையதும் ஆகாமல் பார்த்துக்கொள்ள
எனக்குச் சம்பளம்.
கடல்காற்று ஏறினால் பவுடர் பிடிக்காது,
சென்சார் அலறும்,
எபினேசர் சாப்பாட்டுக் கையோடு ஓடுவார்.

இரண்டு பத்துக்கு ஒரு வரி சிவந்தது.
3316. நாகபூஷணம், தண்டையார்பேட்டை, வாரிய வீடு.
கீல் இடது, லாக்கர் வலது மேல்.
மூன்று முறை அழுத்தியிருக்கிறார்,
மூன்று முறையும் திரை சொல்லியிருக்கிறது:
அந்தச் சேர்க்கை இல்லை.
நாலாவதாகக் குறிப்புக் கட்டத்தில்,
'மேடமோ சாரோ, யாரா இருந்தாலும் போன் பண்ணுங்க.'

விடிந்ததும் பண்ணினேன்.
கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட முடியுமா என்றேன்.
"கட்டில்ல ஆள் இருக்கும்மா. ரெண்டு வருசமா இருக்கு.
கதவு இந்தாண்டதான் தொறக்கணும்."
சரி, லாக்கரை இடதில் வைக்கலாமே?
"அந்தப் பக்கம் செவுரு ஓதம்.
வூட்டு ஆர்டரு நனஞ்சிடும்."

இல்லை என்று எழுதியது நான்தான்.
போன வருடம், ஒரு வியாழக்கிழமை.
இடது கீல் உடலைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது
வலது மூலைக்கு வெல்டிங் கை எட்டவில்லை.
எட்டவைக்க நேரமில்லை,
ஒரே ஒரு விதி போட்டேன்,
நூற்று அறுபத்தெட்டு தலைவலி தீர்ந்தது.
மேனேஜர் கைகுலுக்கினார்.

"ஒண்ணே ஒண்ணுக்காகவா?" என்றார் எபினேசர்.
கேட்டுக்கொண்டே கவ்வியைக் கழற்றினார்,
இரண்டு அங்குலம் தள்ளி முடுக்கினார்.

விதியை அழித்தேன்.
நூற்று அறுபத்தெட்டு பீரோக்கள்
பட்டியலில் வந்து வரிசையாக நின்றன.
நூற்று அறுபத்தேழை யாரும் கேட்கவில்லை.
அவற்றுக்கும் வரைபடம் வேண்டும், சோதனை வேண்டும்,
வெளிர் ஊதாவில்கூட.
பகல் ஷிப்ட் வந்துவிட்டது, நான் எழவில்லை.

3316 நான்காம் நிலையத்துக்குள் நுழைகிறது.
கை அந்த மூலையை நோக்கி நீள்கிறது.
நிற்கிறது.
எபினேசர் மூச்சுவிடாமல் பார்க்கிறார்.
இன்னும் கொஞ்சம் நீள்கிறது.