வெளி வளையம்

பணத்தூர் பாலம் தாண்டி உள்ளே
நாலு ஏக்கர், தகர வேலி, ஏப்ரல்.
இரும்பு வளையங்கள் இரண்டை, ஒன்றுக்குள் ஒன்றாக,
தேசிங்கு சம்மட்டியால் அடித்து இறக்கினான்,
அரைச் சாண் ஆழம்.

காலையில் துளைக்கருவி மேலே கொண்டுவந்ததில்
கருஞ்சேறு, ஒரு செருப்பு வார்,
அரிசி மணியளவு நத்தை ஓடுகள்.
விற்பனைப் பத்திரத்தில் இது புன்செய்.
நத்தைகள் பத்திரம் படித்ததில்லை.

சோதனை எளிது.
இரண்டு வளையத்திலும் நீர் ஊற்று.
உள்ளே இருப்பதை மட்டும் அள.
அரைமணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது?
வெளி வளையத்து நீரை யாரும் அளப்பதில்லை.
உள்ளிருப்பது நேர்கீழே இறங்கவேண்டும் என்று
அது பக்கவாட்டில் கசிந்து கசிந்து போகும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஐந்து கேன் நீர்,
இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து வாங்கியது.
"மண்ணுலயா ஊத்தப் போறீங்க?" என்ற கேன்காரர்
காசை எண்ணி முடிக்கும்வரை சிரித்தார்.

9.40: இரண்டு மில்லிமீட்டர்.
10.10: ஒன்று.
10.40: ஒன்று. அதுகூட வெயில் குடித்ததாக இருக்கலாம்.
மருந்துக்கு வாய் திறக்காத பிள்ளைபோல்
உதட்டை இறுக்கிக் கிடந்தது மண்.

சைட் மேனேஜர் நாகபூஷண் குடை பிடித்து வந்தார்.
"மணிக்கு இருபதாவது வரணும் மேடம்.
மழைநீர்க் குழி காட்டினாத்தான் அனுமதி.
குழி குடிச்சாத்தான் அது குழி."
"குடிக்கலையே சார்."
"கொஞ்சம் நல்லாப் பாருங்க."
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
ஆகஸ்டில் இதே பாலத்தடியில்
இருக்கை வரை மூழ்கிய ஸ்கூட்டரை
தள்ளிக்கொண்டு போனதும் நான்தான்.

சைட்டில் ஆண்களுக்கு வேலியோரம் இருக்கிறது.
எனக்கு, சாலைக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பங்க்.
கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம்.
போய்வர இருபத்தைந்து நிமிடம்.

11.10: பதினான்கு.

ஸ்கேலைத் துடைத்து மறுபடி வைத்தேன். பதினான்கு.
என் தோளுக்குப் பின்னால் நின்று
"நான் சொல்லலையா, மண்ணு சூடாகணும்" என்றார் நாகபூஷண்.
"இருபத்தெட்டுன்னு எழுதுங்க, கிளம்பலாம்."

வெளி வளையம் காலியாக இருந்தது.
அடிச்சேற்றில் பிளாஸ்டிக் குவளை சுரண்டிய தடம்,
பிறை பிறையாக.
அண்டை நீர் இல்லாமல் போனதும்
உள் நீர் விளிம்புக்கடியில் புகுந்து
பக்கவாட்டில் ஓடியிருக்கிறது.
மண் ஒரு மிடறும் கூடுதலாகக் குடிக்கவில்லை.

கொட்டகை வரிசையில் மூன்றாவது வாசல்.
யாத்கிரிலிருந்து வந்த மல்லவ்வா
இரண்டு நீலக் குடங்களின் வாயில் சேலைத்துணி கட்டி
கலங்கல் தெளியக் காத்திருந்தாள்.
நான் கேட்குமுன் அவளே
"ஒள்ளெ நீரல்ல அக்கா, கெசரு வாசனெ" என்றாள்,
நான் விற்ற சரக்கில் குறை கண்டதுபோல.
கொட்டகைக்கு டேங்கர் வந்து மூன்று நாளாம்.

மிச்சம் இரண்டு கேன்.
முதலிலிருந்து தொடங்க இரண்டும் வேண்டும்.
கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்,
அரைமணிக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு.
தேசிங்கு என்னைக் கேட்கவில்லை.
ஒன்றைத் தோளில் ஏற்றி
கொட்டகைப் பக்கம் நடந்தான்.

குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
'11.10 அளவு செல்லாது. வெளி வளைய நீர்
குடிக்க எடுக்கப்பட்டது. மறுசோதனைக்கு நீர் இல்லை.'

நாகபூஷண் இரண்டு முறை படித்தார்.
'குடிக்க' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.
"எதுக்கு எடுத்தாங்கன்னு
படிக்கிறவங்க கேப்பாங்களே சார்."

அவர் தள்ளிப் போய் வேறு கம்பெனிக்குப் போன் போட்டார்.
நாளைக் காலையே வருகிறார்களாம்.
அவர்களிடம் ஒரே வளையம்தான் இருக்கிறது,
வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.