இன்னும் நாலு இரவு

டிசம்பர் பதினொன்று. கல்லடியில் மழை.
போன் திரையில் ஒரு வட்டம்
பொன்னிறமாய் நிரம்பிக்கொண்டு வந்து
வாய் மூடாமல் நிற்கிறது.
ஐம்பதுக்கு நாற்பத்தாறு.
முப்பத்தோராம் திகதிக்குள் இன்னும் நாலு இரவு தங்கினால்
நான் தங்கம்.
இல்லாவிட்டால் வெள்ளி,
இன்னொரு வருசமும்.

நான் டயலிசிஸ் மெசின் திருத்துகிறவன்.
கொழும்பு, கண்டி, காலி, குருநாகல்,
எந்த ஆஸ்பத்திரியில் அலாரம் அடித்தாலும்
பக்கத்தில் அதே கம்பெனியின் ஹோட்டல்,
அதே வெள்ளை விரிப்பு,
கதவில் மட்டும் வேறு இலக்கம்.

தங்கத்துக்கு
பிற்பகல் நாலு மணிவரை அறை.
இருந்தால், பெரிய அறை.
அந்த ‘இருந்தால்’ சின்ன எழுத்தில்.
வந்து இறங்கியதும் ஒரு கிளாஸ் ஜூஸ்.
இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு.

பாசிக்குடாவிலும் அவர்களுக்கு ஒன்று இருக்கிறது,
வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர்.
மாரியில் கடல் கலங்கி ஆளில்லாமல்
இரவு பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
நாலால் பெருக்கினேன்.
பிறகு பெருக்காத மாதிரி இருந்தேன்.

ரதிகலா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
தாளொன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள்.
“நாலு மணிவரை அறை எண்டா,
நீங்க விடிய அஞ்சுக்கெல்லோ வெளிக்கிடுற?”
“ஓம்.”
“சாப்பாடு?”
“ஆறரைக்குத்தான் திறப்பாங்க.
எனக்குப் பெட்டியில கட்டித் தருவாங்க.
சான்ட்விச், வாழைப்பழம், அவிச்ச முட்டை.”
முட்டை ஒண்டு என்று எழுதி
பக்கத்தில் ஐம்பது ரூபா போட்டாள்.

“ரெண்டு பேருக்கு எண்டு கிடக்கே,” என்றேன்.
பேனை நின்றது.
“மற்ற ஆள் ஆரு?”
பன்னிரண்டு வருசத்தில்
பதிலைக் கையில் வைத்துக்கொள்ளாமல்
அவள் கேட்ட கேள்வி இது ஒன்றுதான்.

சனிக்கிழமை ஒரு இரவு பதிந்தோம்.
ஒன்று மட்டும். சோதித்துப் பார்க்க.
வரவேற்பில் இருந்த பொடியன்
அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.
“கல்லடியா சேர்? வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டா?”
நான் ஓம் என்றேன்.
வெள்ளி என்று சொல்லக் கூச்சம்,
வெள்ளம் என்று சொல்ல இல்லை.
“ஐயோ,” என்று சொல்லி
ஜூஸ் இரண்டு கொண்டு வந்தான்.
தங்கத்துக்கு உரியது அது,
இரக்கத்தில் கிடைத்தது.

இரவு முழுக்க ஏசியின் பெயாரிங் உரசும் சத்தத்தை
நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். தொழில் வியாதி.
அவள் கட்டிலின் நடுவில்,
நாலு தலையணையும் தனக்கென்று,
வாய் திறந்து தூங்கினாள்.

காலையில் இடியப்பம், தண்ணிச் சொதி,
கடலைப் பார்த்த மேசை.
அவள் மூன்று தரம் எழும்பிப் போனாள்,
மூன்றாம் தரம் சும்மா சுற்றிப் பார்க்க.
மாமலேட் பக்கற் இரண்டு கைப்பைக்குள் போனது.
பில் வந்தது, ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூறு.
வெள்ளிக்கு இலவசம் இல்லை.

“இப்பதான் ஒரு கணக்கு வருகுது,” என்றாள்.
“மிச்சம் மூண்டு இரவுக்கு ஐம்பத்தையாயிரத்து ஐந்நூறு.
நாம ரெண்டு பேரும் எட்டு விடியல்
இப்பிடி இருந்து சாப்பிட்டா காசு திரும்பிடும்.”
பேப்பர் நப்கினில் எட்டு என்று எழுதி
அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.
என்னுடைய வட்டத்தைப் போல் இல்லை,
முழுசாய் மூடியது.

நான் சொல்லவில்லை:
பெப்ரவரியில் இருந்து பழுதுகளை
கமராவில் பார்க்கலாமா என்று
கம்பெனி யோசிக்கிறது.
அப்படியானால் வருகிற வருசம்
ஐம்பதும் இல்லை, ஐந்தும் இல்லை,
நாலு மணிவரை பூட்டாத அறைகள்
எனக்காகச் சும்மா கிடக்கும்.

நப்கின் குளிர்சாதனப் பெட்டியில்
காந்தத்தின் கீழ் ஒட்டிக் கிடக்கிறது.
அவளும் கேட்கவில்லை, நானும் கழற்றவில்லை.
இன்று பத்தொன்பது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு.

பின்னேரம் குருநாகலில் இருந்து கோல்,
மூன்றாம் மெசின், பம்ப் சுற்றவில்லை.
“செவ்வாய்க்கிழமை லீவு எடுக்கலாமா?” என்றேன்.
அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்,
“அங்கயும் ஆறரைக்குத்தானே திறப்பாங்க?”

முதல் நோயாளியை ஆறு மணிக்குப் படுக்க வைப்பார்கள்
என்று அவளுக்குத் தெரியும்.
களைந்த தண்ணீர் வெள்ளையாய் ஓடியது.