மிச்சக்காசு

நூறாம் நம்பர் பஸ்ஸின் முதல் படி
என் முழங்காலை விட இரண்டு விரற்கடை உயரம்.
வலது காலை நான் தூக்குவதில்லை.
சல்வார்த் துணியைப் பிடித்துக் கையால் ஏற்றிவைக்கிறேன்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பொதியைப் போல.
"நகின்ன மிஸ், நகின்ன" என்று
கொண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறான்.
குடிகாரிக்கென்று ஒரு பார்வை உண்டு காலி வீதியில்,
காலை ஏழரைக்கே அதை வாங்கிக்கொண்டு
கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடிக்கிறேன்.
விரல்களை நம்புவதை விட்டு நாளாயிற்று.

பம்பலப்பிட்டி தாண்டும்போது
"அன்ரி, உங்கட செருப்பு" என்கிறது ஒரு பள்ளிப் பிள்ளை.
எப்போது கழன்றதோ.
கால் சொல்லவில்லை.
போன மாதம் குதிகாலில் கொப்புளம் உடைந்ததையும்
அது சொல்லவில்லை,
வீட்டுத் தரையிலிருந்த ஈரத் தடம் சொன்னது.

ஐந்தாம் குறுக்குத்தெருவில் பதினாறு வருஷமாகக் காசாளர்.
வெங்காய மூட்டைக்கும் செத்தல் மிளகாய்க்கும் நடுவே
ஒரு கண்ணாடி மேசை.
கண்ணாடியில் படுத்திருக்கும் இரண்டு ரூபாய்க் குத்தியை
நகமும் நுனிவிரலும் ஒத்துவராமல்
எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?
உள்ளங்கையால் விளிம்பு வரை இழுத்து
மற்றக் கையில் விழவைப்பேன்.
மூன்று வருஷம் அதை என் ஸ்டைல் என்று நம்பவைத்தேன்.
பிறகு ஒருநாள் ஹாஜியார்
ஒன்றும் கேட்கவில்லை,
மேசைமேல் ஒரு சொரசொரத்த ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டுத்
தராசடிக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு யாரும் எதையும் விரிக்கவில்லை.
கொட்டாஞ்சேனையில் அவருக்குப் பெயர் கொக்கு.
முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தொங்கவிட்டு,
காய்ந்த தெருவில் இல்லாத தண்ணீரைத் தாண்டி நடப்பார்.
செக்பொயின்றில் ஐடென்டிட்டி கார்டைக் கேட்ட அன்று
சட்டைப்பைத் தெறி கழலவில்லை.
விரல்கள் தடுமாற, துவக்கு நிமிர,
"ஏன் கை நடுங்குது?" என்ற கேள்விக்கு
மூன்று மொழியிலும் அவரிடம் பதில் இல்லை.
விடிய விடிய வைத்திருந்தார்கள்.
வந்ததும் அம்மாவிடம்
அந்தத் தெறியை வெட்டிவிடச் சொன்னார்.
அவ்வளவுதான் அவர் செய்துகொண்ட வைத்தியம்.

எனக்கு வியாழக்கிழமை கிளினிக்.
காலில் கரண்ட் வைத்துப் பார்த்த பையன்
மெஷின் பழுதோ என்று
இரண்டு தரம் வயரைக் கழற்றி மாட்டினான்.
டொக்டர் இளம்பிள்ளை, கனிவாகத்தான் சொன்னார்:
"மகளுக்கு வர இரண்டுக்கு ஒன்று.
காசைச் சுண்டிவிடுகிற மாதிரி."
சிரிப்பு வந்துவிட்டது.
சுண்ட விரல் வேணுமே தங்கச்சி.

இரவில் கால் எரியும்.
எதையும் உணராத கால்
எரிவதை மட்டும் எதைக்கொண்டு உணர்கிறதோ.
ஃபேனுக்கு நேரே நீட்டிக்கொண்டு கிடப்பேன்.
கடற்கரைப் பக்கம் ரயில் போவதைக்
கட்டில் சொல்லும், தரை சொல்லாது.
இருட்டில் எழும்ப மாட்டேன்;
நிலம் எங்கே என்று கண்தான் காலுக்குக் காட்டவேண்டும்.
மின்வெட்டுக் காலத்தில் மாடிக்கு மாடி
லிஃப்ட் இல்லையென்று திட்டினார்கள்.
எனக்குக் கரண்ட் போனால் காலும் போனது.

மிதுரா வலைப்பந்து விளையாடுகிறாள்.
இந்தத் தவணையில் இரண்டு தரம் கணுக்கால் பிரண்டது.
எல்லாப் பிள்ளைக்கும் பிரளும்.
அவள் நித்திரையானதும் சப்பாத்தைப் புரட்டிப் பார்த்தேன்,
வெளிவிளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று.
தேய்ந்துதான் இருக்கிறது.
பழைய சப்பாத்து.
அவள் வைத்த மாதிரியே திருப்பி வைத்தேன்,
லேஸ் நுனி உட்பட.

இன்று கைப்பையைத் திறக்க
ஐந்து ரூபாய் ஒன்று குசினித் தரையில் உருண்டு
காஸ் சிலிண்டரைச் சுற்றிப்போய்ப் படுத்தது.
"விடுங்கோ, நான் எடுக்கிறன்."
குனிந்தாள்.
நகத்தால் ஒரு நெம்பு,
பெருவிரல், சுட்டுவிரல்,
எடுத்துவிட்டாள்.
"என்னம்மா அப்பிடிப் பாக்கிறீங்கள்?"
"எத்தினை ரூபா?" என்றேன்.
"அஞ்சு."
"சரி, வை. நாளைக்கு பஸ்ஸுக்கு."