எடைமேடை, புதுவயல்

பதினான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும்
ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்.
'இயற்கையின் ஒரு பகுதியாகவே என்னை உணர்கிறேன்'
முற்றிலும் மறுக்கிறேன் என்பதில் தொடங்கி
முற்றிலும் ஏற்கிறேன் வரை.
காரைக்குடியில் நாற்பது பேர், கண்டனூரில் பதினேழு.
பள்ளத்தூரில் ஒரு மருந்துக்கடைக்காரர்
எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுவிட்டு
வேறென்ன வேணும் என்றார்.

புதுவயலில், அரிசி ஆலைகளுக்கு நடுவே
அறுபது டன் எடைமேடையின் கண்ணாடி அறைக்குள்
ரெஜினா, வயது முப்பத்து நான்கு.
கீபோர்டில் தவிட்டுத் தூசி.
லாரி ஏறும், எண் வரும், சீட்டு கிழியும்.
இடைவெளியில்தான் என் கேள்விகள்.

"பகுதின்னா?"
விளக்கக் கூடாது என்பது விதி.
உங்களுக்கு எப்படிப் படுகிறதோ அப்படி, என்றேன்.
"எனக்குத் தெரிஞ்சது லோடு, காலி வண்டி, கழிச்சா நெல்லு.
இதுல எது பகுதி?"

'ஓய்வு நேரத்தில் இயற்கையை நாடிச் செல்கிறேன்.'
ஓய்வு என்ற சொல்லைப் பேனாவால் தட்டிப் பார்த்தாள்.
ஒன்று.

பிறகு வட்டங்கள். ஒன்றில் நான், ஒன்றில் இயற்கை.
முதல் படத்தில் தொடாமல் நிற்கும்
கடைசியில் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும்.
ஏழில் ஒன்றைக் காட்டச் சொன்னேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"ரெண்டுக்கும் வெளியில
இந்த வெள்ளை எடம் யாரோடது?"

அப்போதுதான் தைலமரங்களுக்குள்ளிருந்து
செம்மண் படிந்த தோகையை இழுத்துக்கொண்டு
ஒரு மயில் வந்து சரிவில் ஏறியது.
மேடையின் நீளம் முழுக்க நடந்தது,
நடுவில் நின்று எதையோ கொத்தியது.
அவள் மயிலைப் பார்க்கவில்லை. திரையைக் காட்டினாள்.
பூஜ்யம்.
"பத்துக் கிலோவுக்குக் கீழ இதுக்குத் தெரியாது.
தினம் வருது. தினமும் பூஜ்யம்தான்."

"மழைன்னா காட்டும். ஆளில்லாத மேடையில
தொண்ணூறு, நூத்திப்பத்துன்னு.
வண்டிக்காரன் சண்டைக்கு வருவான்,
பட்டனை அமுக்கி மழையை சைபராக்கணும்.
போன ஐப்பசியில ஒரு ராத்திரி மட்டும் அமுக்கல.
வண்டி இல்ல, கரண்டு இருந்துச்சு.
நம்பர் ஏறுறதையே பாத்துக்கிட்டிருந்தேன்.
நூத்திநாப்பது.
காலையில வெயில் வந்து கழிச்சுக்கிருச்சு."

சீட்டு அடித்தீர்களா?

"வண்டி நம்பர் கேக்குமே."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
மயில் அவசரப்படாமல் இறங்கிப் போனது.

சராசரி இரண்டு புள்ளி ஒன்று.
எங்கள் அட்டவணையில் அதற்குப் பெயர்
'பலவீனமான பிணைப்பு.'
வட்டப் படத்தில் அவள் எதையும் தொடவில்லை.
அதனால் அந்தப் பக்கம் செல்லாது.
குறிப்புக்கு மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள்.
மழை என்று எழுதினேன், அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

புறப்படும்போது மேடைமேல் ஏறி நின்றேன்.
விடுதித் தராசில் நான் ஐம்பத்து மூன்று.
"ஐம்பது" என்றாள் கண்ணாடிக்குள்ளிருந்து.
"மிச்சம் மூணு அந்த மயில் கணக்குல போகட்டும்."